ராமன் பெயர் சூட்டிய தாடை

2018 ஜனவரியில் அவுரங்காபாத்தில் ஒரு வைதிக மாநாடு நடந்தது. அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங் அங்கே டார்வினை ஒரு கை பார்த்தார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொன்னதுமில்லை, எழுதி வைத்ததுமில்லை. ஆகவே அந்தக் கோட்பாடு தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்பது அவர் வாதம். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து மறுப்பறிக்கை வெளியிட்டன. அரசியலுக்கு வருமுன் சத்யபால் சிங் மும்பை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர். கண்ணால் கண்ட சாட்சி இல்லாத வழக்கில் எப்படித் துப்புத் துலக்குவது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அமைச்சரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பரிணாமம் பற்றி எந்த ஊரில் கூட்டம் போட்டாலும் பின்வரிசையிலிருந்து இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். இதை யார் பார்த்தது? குரங்கு மனிதனாயிற்று என்றால் இன்றைக்கும் குரங்கு ஏன் குரங்காகவே இருக்கிறது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். கோயில் பிராகாரத்தில் தேங்காய் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடும் நாட்டுக்குரங்கு நமக்குப் பாட்டன் முறையில்லை, பங்காளி முறை. ஏறத்தாழ 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையில் நாட்டுக்குரங்கு, சோலைமந்தி, கருமந்தி முதலியவை வந்தன. மறுகிளை வாலை இழந்தது. அதில் கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, மனிதன். பிரிந்தபின் நாம் எத்தனை காலம் மாறி வந்தோமோ அத்தனை காலம் நாட்டுக்குரங்கும் மாறி வந்திருக்கிறது. கிடைத்ததை அவசரமாக அள்ளித் திணித்து வைத்துக்கொள்ள அதன் கன்னத்தில் பை இருக்கிறது, நமக்கில்லை. மனிதனாகும் வழியில் பாதியில் களைத்து உட்கார்ந்துவிட்ட பிராணி என்று அதை நினைப்பது நம் தற்பெருமை.

வால் எப்படிப் போயிற்று என்பதற்கே இப்போது ஒரு தடயம் உண்டு. டி.பி.எக்ஸ்.டி. என்ற மரபணு, கருவில் வால் உருவாவதில் பங்கேற்பது. அதன் நடுவே சுமார் 300 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு எங்கிருந்தோ வந்து செருகிக்கொண்டிருக்கிறது. வாலில்லாத மனிதக்குரங்குகளிடமும் நம்மிடமும் அது உண்டு. வாலுள்ள குரங்குகளிடம் இல்லை. அந்தச் செருகல் உண்டாக்கும் விளைவை எலிகளில் ஏற்படுத்திப் பார்த்தபோது குட்டை வாலுடனும் வாலே இல்லாமலும் குட்டிகள் பிறந்தன. இந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது.

இந்த இடத்தில் அறிவியல் எழுத்தாளர்கள் ஒரு சாமர்த்தியம் செய்வதுண்டு. “மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று டார்வின் சொல்லவே இல்லை, இருவருக்கும் பொதுவான ஒரு மூதாதை இருந்தது, அவ்வளவுதான்” என்று கேட்டவரைச் சமாதானப்படுத்திவிடுவார்கள். பொது மூதாதை என்பதில் பொய்யில்லை, ஆனால் நழுவல் இருக்கிறது. அந்தப் பொது மூதாதை பார்க்க எப்படி இருந்தது? எகிப்தின் ஃபையூம் பாலைவனத்தில் சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலிருந்து எஜிப்டோபிதெக்கஸ் என்ற விலங்கின் எலும்புகள் கிடைத்துள்ளன. இரு கிளைகளும் பிரிவதற்கு முந்தைய நிலைக்கு மிக நெருங்கியது அது. நாலு காலில் மரக்கிளைமேல் நடந்த சிறு உடம்புக்காரர். வண்டலூரில் ஒரு கூண்டில் அதை விட்டால் பார்க்க வருபவர் அத்தனை பேரும் குரங்கு என்றுதான் சொல்வார்கள். ஆக, குரங்கிலிருந்து வந்தோமா என்றால் வந்தோம். இன்று உயிரோடிருக்கும் எந்தக் குரங்கிலிருந்தும் வரவில்லை. இப்படிச் சொல்வதில் என்ன கூச்சம்?

கூச்சம் டார்வினோடு தொடங்கியதும் அல்ல. உயிரினங்கள் மாறுவதில்லை, படைத்தபடியே இருக்கின்றன என்று நம்பிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், டார்வின் நூலுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1758இல், மனிதனையும் குரங்குகளையும் பிரைமேட் என்ற ஒரே வரிசையில் உட்கார வைத்துவிட்டார். உடலமைப்பைப் பார்த்தால் வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

உறவு உண்டா என்ற வழக்கு மேடைகளில்தான் இன்னும் நடக்கிறது. ஆய்வாளர்கள் சண்டையிட்டதெல்லாம் எந்த எலும்பு யாருடையது, எப்போது பிரிந்தோம் என்பதைப் பற்றி. அந்தச் சண்டைகளில் மிகச் சுவையானது இமயமலை அடிவாரத்தில் தொடங்கியது.

1932இல் ஏல் பல்கலைக்கழகத்து மாணவர் எட்வர்ட் லூயிஸ், இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யாங்கர் பகுதியில், சிவாலிக் குன்றுகளின் படிவுகளிலிருந்து ஒரு மேல்தாடைத் துண்டை எடுத்தார். இமயம் உயர உயர ஆறுகள் அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய மண் அது. அந்தக் குன்றுகளில் கிடைத்த மனிதக்குரங்கு எலும்புகளுக்கு நம் தெய்வங்களின் பெயரை வைப்பது அப்போது வழக்கமாயிருந்தது. சிவாபிதெக்கஸ் 1910லேயே வந்துவிட்டது. லூயிஸ் தன் பங்குக்குப் பிரம்மனையும் சுக்ரீவனையும் சேர்த்தார். இந்தத் தாடைக்கு ராமாபிதெக்கஸ் என்று பெயரிட்டார். அதன் பற்களிலும் முகத்தின் குட்டைத்தனத்திலும் மனிதச் சாயல் இருப்பதாக அவர் சொன்னதை மற்றவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1961இல் எல்வின் சைமன்ஸ் அந்தத் தாடையை மீண்டும் கையிலெடுத்தார். எஜிப்டோபிதெக்கஸைக் கண்டெடுத்த அதே சைமன்ஸ்தான். கொரில்லா, சிம்பன்சியின் பல்வரிசைகள் இருபுறமும் இணையாக ஓடும். மனிதனுடையது வில்லாக வளையும். கைக்குக் கிடைத்தது ஒருபக்கத் துண்டு மட்டுமே. நடுப்பகுதி இல்லை. மறுபக்கத்தை ஊகித்து ஒட்டவைத்தபோது வில்வளைவு வந்தது. அதோடு கோரைப்பல்லும் சிறிதாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு ஊகங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறின. கோரைப்பல் சிறிதென்றால் அதன் வேலையைக் கருவி செய்திருக்கும். கருவி பிடிக்கக் கை வேண்டும். கை ஓய்வாக இருக்க வேண்டுமானால் இரண்டு காலில் நடந்திருக்க வேண்டும். இடுப்பெலும்பு இல்லை, தொடையெலும்பு இல்லை, பாதமில்லை. ஒரு தாடைத் துண்டு எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது.

நடந்ததை உலகமே பார்த்தது. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் புகழ்பெற்ற ஊர்வலப் படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்; சட்டையிலும் விளம்பரத்திலும் இன்றைக்கும் வருகிறது. அதன் மூலம், 1965இல் டைம் லைஃப் நூலுக்காக ருடால்ஃப் சாலிங்கர் வரைந்தது. அதில் பதினைந்து உருவங்கள். ஐந்தாவது, ராமாபிதெக்கஸ். சைமன்ஸுடன் டேவிட் பில்பீம் என்ற இளம் ஆய்வாளரும் சேர்ந்துகொள்ள, சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மனிதக் கிளை தனியாகப் பிரிந்துவிட்டது என்பது பாடநூல் செய்தியாயிற்று.

1967இல் கலிபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து, எலும்பையே தொடாத இருவர் குறுக்கே வந்தார்கள். வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன். அவர்களுடைய கருவி முயல். மனித இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தை முயலுக்குள் செலுத்தினால் அதன் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கும். அந்த எதிர்ப்பொருள் சிம்பன்சி அல்புமினோடு எவ்வளவு வலுவாக வினைபுரிகிறது, நாட்டுக்குரங்கின் உறவான மக்காக் குரங்கின் அல்புமினோடு எவ்வளவு என்று அளந்தால், புரதங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று தெரியும். வாலுள்ள குரங்குகளின் கிளை பிரிந்து 3 கோடி ஆண்டு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். மனிதனும் ஆப்பிரிக்க மனிதக்குரங்குகளும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்று விடை வந்தது. அப்படியானால் ராமாபிதெக்கஸ் மனிதக் கிளையில் இருக்கவே முடியாது. அது வாழ்ந்தபோது அந்தக் கிளையே முளைக்கவில்லை.

எலும்பாளர்களுக்குக் கோபம் வந்தது. மலையேறி வெயிலில் தோண்டாதவர்கள் சோதனைக் குழாயை வைத்துக்கொண்டு காலத்தைக் கணக்கிடுவதா? பத்தாண்டுக்கு மேல் இரு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்றன.

முடிவு எலும்பிலிருந்தே வந்தது. பில்பீம் பாகிஸ்தான் புவியியல் ஆய்வுத் துறையுடன் சேர்ந்து பொத்வார் பீடபூமியில் ஆண்டுக்கணக்காகத் தேடினார். முதலில் இன்னும் முழுமையான ஒரு தாடை கிடைத்தது; அதில் வில்வளைவு இல்லை. பிறகு சுமார் 80 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு சிவாபிதெக்கஸ் முகம் கிடைத்தது. உயரமான முட்டை வடிவக் கண்குழிகள், இரண்டுக்கும் நடுவே குறுகிய இடைவெளி, உட்குழிந்த முகம். ஒராங்குட்டானை நேரில் பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வராது. 1982இல் பில்பீம் அதை வெளியிட்டார். பதினைந்து ஆண்டுக்கு மேல் தூக்கிப் பிடித்த கருத்தைத் தன் கையாலேயே கீழே வைத்தார். ராமாபிதெக்கஸ் என்று தனி விலங்கே இல்லை. அது சிவாபிதெக்கஸின் சற்றுச் சிறிய உருவம், அநேகமாகப் பெண். (சைவ வைணவச் சண்டைக்கு இதைவிட எதிர்பாராத சமரசம் நடந்திருக்க முடியாது.) சிவாபிதெக்கஸின் மேல்கை எலும்புகள் பின்னர் கிடைத்தபோது அவை ஒராங்குட்டானுடையதைப் போல இல்லை. ஆகவே அது ஒராங்குட்டானுக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சாரிச்சும் வில்சனும் சொன்ன 50 லட்சமும் அப்படியே நிற்கவில்லை; இன்றைய மதிப்பீடுகள் 60 முதல் 70 லட்சத்தைச் சுற்றி நிற்கின்றன.

நம் நாட்டில் செய்தி மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. 2006இல் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நூல், ராமாபிதெக்கஸ் மனிதச் சாயல் மிக்கது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பில்பீம் கைவிட்டு 24 ஆண்டுகள் கழித்து! 2023இல் அதே என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். இருக்கிற பாடத்தைத் திருத்தவும் யாராவது அதே வேகத்தில் கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

“பார்த்தீர்களா, விஞ்ஞானிகள் நேற்றொன்று இன்றொன்று சொல்கிறார்கள்” என்று சொல்ல இந்தக் கதை வசதியானது. பில்ட்டவுன் மனிதனையும் சேர்த்துக்கொள்வார்கள். 1912இல் இங்கிலாந்தில் ‘கிடைத்த’ அந்த மண்டையோடு, மனிதக் கபாலத்தோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்து, பல்லை அராவிச் சாயமேற்றிச் செய்த மோசடி. அது அம்பலமாக 1953 வரை ஆயிற்று. இவ்வளவு நாள் ஏன் நின்றது என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதலில் மூளை பெருத்தது, மற்றதெல்லாம் பின்னால் வந்தது என்று அன்றைய அறிஞர்கள் நம்ப விரும்பினார்கள். மோசடிக்காரர் அந்த விருப்பத்துக்குத் தீனி போட்டார். 1925இல் ரேமண்ட் டார்ட் தென்னாப்பிரிக்காவின் டவுங் குழந்தையின் மண்டையோட்டை அறிவித்தபோது பலர் முகம் திருப்பியதற்கும் இதுவே ஒரு காரணம். சின்ன மூளை, ஆனால் முதுகுத்தண்டு கபாலத்தின் அடியில் வந்து சேர்கிறது, அதாவது நிமிர்ந்து நடந்த உயிர். அவர்கள் எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழ். 1974இல் எத்தியோப்பியாவில் கிடைத்த 32 லட்சம் ஆண்டுப் பழமையான லூசி என்ற எலும்புக்கூடும், 1978இல் தான்சானியாவின் லயட்டோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்து கிடைத்த, 36 லட்சம் ஆண்டுக்கும் முந்தைய காலடிகளும் டார்ட் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டன. கால் முந்தியது, மூளை பிந்தியது.

மோசடியைப் பிடித்தது யார்? ராமாபிதெக்கஸை இறக்கியது யார்? வெளியிலிருந்து வந்த எதிர்ப்பாளர்கள் ஒருவருமில்லை. இந்த இரண்டு திருத்தத்தாலும் மனிதனுக்கும் மனிதக்குரங்குக்கும் உள்ள உறவு தளரவில்லை. பிந்தையதில் இன்னும் நெருங்கிவிட்டது. 1.4 கோடி ஆண்டு தூரம் பாதியாயிற்று.

இப்போது முதல் கேள்வி: யார் பார்த்தது?

சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ஒராங்குட்டானுக்கும் 24 ஜோடி குரோமோசோம்கள். நமக்கு 23. பொது மூதாதை உண்டு என்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? சும்மா தொலைந்திருந்தால் உயிர் பிழைத்திருக்காது. அவ்வளவு மரபணுக்கள் அதில் இருக்கும். ஆகவே இரண்டு குரோமோசோம்கள் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். குரோமோசோமின் இரு நுனிகளிலும் ஒரே ஆறெழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். நடுவில் அதற்கு வேலையில்லை. 1991இல் நம் இரண்டாம் குரோமோசோமின் உட்பகுதியில் அந்த நுனித் தொடர்கள் தலையோடு தலை முட்டி நிற்பதைக் கண்டார்கள். அதே குரோமோசோமில் வேலை செய்யாமல் போன இன்னொரு மையப்புள்ளியின் மிச்சமும் இருக்கிறது. உறவு இல்லை என்பவர்கள் இந்தத் தழும்புக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்.

இன்னொரு தழும்பு நம் சாப்பாட்டில் இருக்கிறது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் நமக்குத் தேவைப்படுவது வைட்டமின் சியை உடலே தயாரிக்க முடியாததால். நாய், ஆடு, எலி எல்லாம் தயாரித்துக்கொள்கின்றன. தயாரிப்பின் கடைசிப் படியைச் செய்யும் மரபணு நம்மிடமும் உண்டு, உடைந்த நிலையில். சிம்பன்சியிடமும் உடைந்திருக்கிறது, நாட்டுக்குரங்கிடமும் உடைந்திருக்கிறது. பிரைமேட் வரிசையில் நம்மைவிட்டு முன்கூட்டியே பிரிந்த தேவாங்கின் கிளையிலோ அது நன்றாக வேலை செய்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்க் காடுகளில் 2022இல் தமிழக அரசு தேவாங்குக்கென்றே 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தது. அங்கே இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் அந்தப் பெரிய கண்காரருக்கு நெல்லிக்காய் கட்டாயமில்லை. கினிப் பன்றியிடமும் இந்த மரபணு கெட்டிருக்கிறது. ஆனால் வேறு விதமாகக் கெட்டிருக்கிறது. தனித்தனியாக உடைந்தவை வெவ்வேறு விதமாகத்தான் உடையும். நம்முடையதும் சிம்பன்சியுடையதும் ஒரே மாதிரி உடைந்திருப்பது ஒரே வீட்டில் உடைந்ததால்.

சிம்பன்சிக்கும் நமக்கும் 99 விழுக்காடு ஒற்றுமை என்று அடிக்கடி படிக்கிறோம். அதை அளவோடு நம்புவது நல்லது. 2005இல் சிம்பன்சியின் மரபணுத்தொகுதி வெளிவந்தபோது, நேருக்கு நேர் பொருத்தக்கூடிய இடங்களில் ஓரெழுத்து வித்தியாசம் 1.23 விழுக்காடு. எழுத்துகள் விடுபட்ட, கூடிய இடங்களைச் சேர்த்தால் வித்தியாசம் ஏறும். பொருத்தவே முடியாத பகுதிகளையும் எண்ணினால் 10 விழுக்காட்டையும் தாண்டும். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. எப்படி எண்ணினாலும் மாறாதது, சிம்பன்சி கொரில்லாவைவிட நமக்கு நெருக்கம் என்பது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: 2012இல் கொரில்லாவின் தொகுதியைப் படித்தபோது, ஏறத்தாழ 30 விழுக்காட்டுப் பகுதிகளில் இந்த வரிசை மாறி, கொரில்லா நம்மோடோ சிம்பன்சியோடோ அதிக நெருக்கமாக இருந்தது. மூன்று இனங்களும் பிரிந்த காலங்கள் அவ்வளவு அடுத்தடுத்து இருந்ததால் பழைய சொத்து சீராகப் பாகம் பிரியவில்லை.

சாலிங்கரின் ஊர்வலம் செய்த பெரிய கேடு, வரலாற்றை ஒற்றையடிப் பாதையாகக் காட்டியது. பிரிந்தவர்கள் மறுபடி கலந்தார்கள் என்பதை அதில் வரைய இடமில்லை. நியாண்டர்தால் மனிதரின் மரபணுக்களைப் படித்து 2022இல் நோபல் பரிசு பெற்ற ஸ்வாந்தே பேபோவும் ஹியூகோ செபெர்கும் 2020இல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். கொரோனா முற்றிப்போகும் வாய்ப்பைக் கூட்டும் ஒரு மரபணுத் துண்டு மூன்றாம் குரோமோசோமில் இருக்கிறது. அது நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது. ஐரோப்பாவில் 16 விழுக்காட்டினரிடம் இருக்கும் அது, தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது. நியாண்டர்தால் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காத நம் மண்ணில்!

எலும்பு கிடைக்காததுதான் நம் பகுதியின் பெரிய குறை. டார்வின் நூல் வந்து நான்காம் ஆண்டில், 1863 மே மாதம், புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கண்டார். அத்திரம்பாக்கத்தில் நீண்டகாலம் அகழ்ந்த சாந்தி பப்புவின் குழு, அங்குள்ள பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் அறிவித்தது. அவற்றைச் செதுக்கிய கை யாருடையது? ஹோமோ எரக்டஸ் என்ற ஆதிமனித இனத்துடையது என்று ஊகிக்கிறோம். அங்கே சில விலங்குப் பற்கள் கிடைத்திருக்கின்றன, மனிதனுடைய ஒரு பல்லும் கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலும் குறிப்பிடத்தக்க பழைய மனிதக் கபாலம் என்றால் 1982இல் நர்மதைக் கரையின் ஹத்னோராவில் அருண் சொனாகியா எடுத்த ஒன்றுதான். அது எரக்டஸா, அதற்குப் பிந்தையதா என்பதே நாற்பதாண்டு வழக்கு.

நம் வெப்பத்தில் டி.என்.ஏ. அவ்வளவு காலம் தாங்காது. பல் எனாமலுக்குள் சிக்கிய புரதம் தாங்குகிறது. தென்சீனத்தின் வெப்பக் குகை ஒன்றில் கிடைத்த 19 லட்சம் ஆண்டுப் பழமையான ஜைகான்டோபிதெக்கஸ் பல்லிலிருந்து புரதம் பிரித்து, அந்த ராட்சத மனிதக்குரங்கு ஒராங்குட்டானின் உறவு என்று 2019இல் காட்டினார்கள். சாரிச்சும் வில்சனும் முயலை வைத்துச் செய்ததை இப்போது பல்லை வைத்தே செய்யலாம். அத்திரம்பாக்கம் அமைந்த கொற்றலை ஆற்றுப் படுகையில் ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தால் அதன் வடிவத்தைப் பார்ப்பவர்களும் புரதத்தைப் படிப்பவர்களும் ஒரே பல்லுக்காக வரிசையில் நிற்பார்கள். துளையிட விடுவதா வேண்டாமா என்பதிலிருந்தே சண்டை தொடங்கும்.